பைபாஸ் பொட்டிச் சாவி

இல்ல சார், சன்னலோரம் நீங்களே இருங்க. எனக்கு வெளிய பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. வருசக்கணக்கா சன்னலே இல்லாத ரூமுக்குள்ள உக்காந்து பழகிட்டேன், வெயிலு பட்டா கண்ணு கூசுது.

பட்டு வேட்டியப் பாத்துட்டுக் கேக்குறீங்களா? ஆமா, கல்யாணத்துக்குத்தான். தேனியில. சொந்தமான்னா... என் மக கல்யாணம் சார். ஏன் அப்படிப் பாக்குறீங்க? வீட்டாளுக எல்லாம் நேத்தே வேன்ல போயிட்டாங்க. எனக்கு வேலை இருந்துச்சு. ஆசுபத்திரியில புது பேட்டரி வந்து எறங்குது, அதை மாட்டிப் பாக்காம எப்படி வர்றது? ஜெபராஜ்னு ஒருத்தன், எனக்கு அடுத்த எலக்ட்ரீசியன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் சொன்னான், "அண்ணே, நாங்க பாத்துக்கிறோம், நீங்க கெளம்புங்கண்ணே"ன்னு. அவன் அப்படிச் சொல்றதுதான் எனக்குப் புடிக்கிறதில்ல. என்னத்தப் பாத்துக்கிருவான்?

முகூர்த்தம் பத்தரைக்குள்ள. போயிருவேன், போயிருவேன். இந்த டிரைவர் கொஞ்சம் மிதிச்சான்னா போயிரலாம். நான் போகலன்னாலும் அங்க ஒண்ணும் நின்னு போயிராது. அதுதான் சார் என் வருத்தமே.

வேலையா? யூபிஎஸ் பாக்குறது. கிட்னி ஆசுபத்திரி ஒண்ணு, பேரு வேணாம் விடுங்க. உங்க வீட்லயும் யூபிஎஸ் இருக்கா? இல்ல சார், கோவிச்சுக்காதீங்க, அது இன்வர்ட்டர். ரெண்டு ஃபேனு, நாலு லைட்டு, ஒரு டிவி. கரண்டு போனா ஒரு முழி முழிச்சிட்டு அப்புறம்தான் வரும். நம்மளது பீரோ ஒசரம் நிக்கும். முழிக்கவே முழிக்காது. முழிக்கவும் கூடாது. அங்க படுத்திருக்கிற ஆளோட ரத்தம் குழாய் வழியா வெளிய வந்து, மிசினுக்குள்ள சுத்திச் சுத்தமாகி, திரும்ப உடம்புக்குள்ள போய்க்கிட்டு இருக்கு. அப்படி ஒரு கூடம் பூரா ஆளு. நடுவுல கரண்டு கண்ணசந்தா என்னாகும்?

சொல்றேன் கேளுங்க, இன்னும் செக்கானூரணியே வரல.

அதுல மோடுன்னு சொல்லுவாங்க. எப்பவும் ஓடுறது நார்மல் மோடு. வெளிய இருந்து வர்ற கரண்டு நேரா உள்ள போகாது. யூபிஎஸ் அதை வாங்கி, கசடெல்லாம் எடுத்து, புதுசா பண்ணி வெளிய விடும். வெளிய வோல்டேஜ் ஏறும், எறங்கும், என்ன ஆட்டம் வேணும்னாலும் ஆடும். உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பச்சை லைட்டு எரியும், அவ்வளவுதான். ஒருத்தனாவது வந்து, "பரமகுரு, இன்னைக்கு நல்லா ஓடுச்சுய்யா"ன்னு சொல்லுவான்னு நெனைக்கிறீங்களா? சொல்ல மாட்டான். பச்சை லைட்ட எவனும் பாக்குறதில்ல.

கரண்டு போனா பேட்டரி மோடு. கீய்ங் கீய்ங்னு கூவும். ஜெனரேட்டரு எந்திரிச்சு வர்ற வரைக்கும் அது தாங்கிப் புடிச்சுக்கும். அப்ப மட்டும் எல்லாருக்கும் என் ஞாபகம் வரும். "பரமகுரு எங்க, பரமகுரு எங்க"ன்னு ஓடி வருவாங்க. நான் அங்கனதான் நிப்பேன். வேற எங்க போறேன்?

அப்புறம் எக்கனாமி மோடுன்னு ஒண்ணு. வெளிக் கரண்ட நேரா உள்ள விட்டுட்டு, யூபிஎஸ் சும்மா ஓரமா உக்காந்திருக்கும். ஏதாவது ஆச்சுன்னாத்தான் எந்திரிக்கும். மேனேஜர் மேடம் கரண்டு பில்லு மிச்சம்னு அதுல போடச் சொன்னாங்க. நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். வீட்டுக்கு வந்து இந்திராணிகிட்ட இதைச் சொன்னேன், என் சம்சாரம். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே, "அப்ப வீட்டுக்கு நீங்க எக்கனாமி மோடுதான்"னா. அவளுக்கு வாய் ஜாஸ்தி சார். சிரிச்சுட்டேன், என்ன பண்றது?

கடைசியா பைபாஸ். யூபிஎஸ்ஸுக்கே உடம்பு முடியலன்னா அது என்ன பண்ணும்னா, தானா ஒதுங்கி வழிய விட்டுரும். கரண்டு அதைத் தொடாம நேரா போகும். அதுவும் முடியலன்னா பக்கத்துல ஒரு பொட்டி இருக்கு. அதுக்குள்ள ஒரு கைப்பிடி. ஆளு கையால திருப்பணும். சர்வீஸ் பண்றதுக்காக வச்சது. திருப்பிட்டா யூபிஎஸ்ஸ மொத்தமா கழட்டிக் கீழ போட்டாலும் உள்ள ஒரு லைட்டு அணையாது. வந்து பாக்குறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா வெளிய கரண்டு போச்சு, அன்னைக்குத் தெரியும். அடியில வலையே கட்டாம கயித்து மேல நடக்குற மாதிரி... சரி விடுங்க, எனக்கு உவமானமெல்லாம் வராது.

அந்தக் கைப்பிடியில ஒரு முறை இருக்கு. முதல்ல யூபிஎஸ் பேனல்ல பைபாஸுக்கு மாத்திட்டு, அது மாறிருச்சான்னு பாத்துட்டு, அப்புறம்தான் கைப்பிடியில கை வைக்கணும். ஒரு தடவை சர்வீஸ் கம்பெனிக்காரன் ஒருத்தன், டை எல்லாம் கட்டிட்டு வந்தான், யூபிஎஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே திருப்பிட்டான். டமார்னு ஒரு சத்தம். ரூம் பூரா கரிப்புகை. நல்லவேளை அன்னைக்கு ஞாயித்துக்கெழமை, கூடத்துல ஆளில்ல. அன்னைக்கே கடையில போய் ஒரு பூட்டு வாங்கிட்டு வந்து பொட்டிக்குப் போட்டேன். சாவி என் அரணாக்கயித்துல. இன்னொரு சாவி எங்கயா? அதுவும் எங்கிட்டத்தான். ஆபீஸ்ல குடுத்தா தொலைச்சுருவாங்க சார். வீட்ல சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்.

லீவா? நமக்கு ஏது லீவு? எங்கப்பா காரியத்துக்கே மொட்டை போட்ட தலையோட மத்தியானம் டூட்டிக்குப் போனேன். தேன்மொழி பெறந்தப்ப மூணாம் நாள்தான் பாத்தேன். தேன்மொழிதான் என் மக, இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு. நல்ல பிள்ள. ஒரு வார்த்தை எதுத்துப் பேசாது. சின்னப் பிள்ளையில ஸ்கூல்ல எல்லா அப்பாவும் வரணும்னு சொல்லுவாங்கல்ல, அது வீட்டுக்கு வந்து சொல்லவே சொல்லாது. நேரா போயி மாமனக் கூட்டிட்டுப் போயிரும். மாமன்னா இந்திராணி தம்பி, செல்லப்பாண்டின்னு பேரு, டயர் கடை வச்சிருக்கான். எனக்கு வேலை ஜாஸ்தின்னு அந்த வயசுலயே அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

விசயத்துக்கு வர்றேன். நிச்சயதார்த்தம். அதுக்கு நான் முழு நாள் லீவு எழுதிக் குடுத்தேன் சார். நம்புங்க. மதுரையிலயே சின்ன மண்டபம். சம்பந்தி தேனியில வெதைக்கடை வச்சிருக்காரு, சௌந்தரராசுன்னு, கொஞ்சம் முறைகிறை பாக்குற ஆளு. நிச்சயத் தட்டு மாத்துவோம்ல? எங்க பக்கம் என்னன்னா, ரெண்டு தகப்பனும் எதிரெதிர உக்காந்து, அவர் தட்ட நான் வாங்கணும், என் தட்ட அவர் வாங்கணும். தட்டு மாறுற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது. வச்சா ஆகாதும்பாங்க.

தட்டு என் கையில இருக்கு. வெத்தல பாக்கு, பழம், தேங்கா, சேலை, நல்ல கனம். ஓலை வாசிச்சு முடிக்கப் போறாரு பெரியவரு. சட்டைப் பையில போனு அடிக்குது. விட்டேன். மறுபடி அடிக்குது. அந்த அடியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு கையில தட்ட ஏந்திக்கிட்டு இன்னொரு கையில எடுத்தேன். ஜெபராஜ். "அண்ணே, யூபிஎஸ் பைபாஸுக்குப் போயி அதுவும் விழுந்துருச்சுண்ணே. கூடத்துல மிசின் பூரா நின்னுருச்சு. சிஸ்டர்க கையால சுத்துறாங்க. பொட்டி பூட்டியிருக்கு, சாவி எங்கண்ணே?"

கையால சுத்துறதுன்னா, அந்த மிசின்ல ரத்தத்தை ஓட்டுற பம்பு இருக்குல்ல, அதுக்கு ஒரு கைப்பிடி உண்டு. கரண்டு இல்லன்னா சுத்திச் சுத்தி வெளிய இருக்குற ரத்தத்தை ஆளுக்குள்ள திருப்பி விடணும். விட்டா உறைஞ்சு போகும்.

நீங்களே சொல்லுங்க சார், நான் என்ன பண்ணியிருக்கணும்? சாவி என் இடுப்புல. பொட்டி அங்க.

பக்கத்துல செல்லப்பாண்டி நின்னான். "மாப்ள, இதைப் புடி"ன்னு தட்ட அவன் கையில குடுத்துட்டு எந்திரிச்சேன். கீழ வைக்கல, பாத்துக்கங்க. முறைப்படி கீழ வைக்கல. சம்பந்தி, "என்னங்க இது, பொண்ணோட தகப்பன் எந்திரிச்சுப் போறாரு"ன்னாரு. "உசுரு விசயம்ங்க"ன்னேன். இந்திராணி வேட்டிய இழுத்தா. தேன்மொழி மேடையில மாலையோட நின்னுக்கிட்டு இருந்துச்சு. தலைய மட்டும் ஆட்டுச்சு, போங்கப்பான்னு. அதான் சொன்னேனே, நல்ல பிள்ளன்னு.

வண்டிய எடுத்துக்கிட்டுப் பறந்தேன். பட்டு வேட்டி செயின்ல மாட்டிக் கிழிஞ்சுபோச்சு. பாலத்துல போலீஸ்காரன் கைய நீட்டினான், நிக்கல. வழி பூரா போனு அடிச்சுக்கிட்டே இருக்கு. ஓட்டிக்கிட்டுப் போறவன் எப்படி எடுக்குறது? உள்ள எத்தனை பேரு போயிட்டாங்களோன்னு நெனைச்சுக்கிட்டே போனேன். சாமிய எல்லாம் கூப்பிட்டேன் சார்.

போய் எறங்கினா, எல்லா லைட்டும் எரியுது. கூடத்துல மிசின் அது பாட்டுக்கு ஓடுது. பெட்டுல ஒரு வாத்தியாரு படுத்துக்கிட்டே பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. லூர்து சிஸ்டரு பம்பு சுத்துன கையத் தேய்ச்சுவிட்டுக்கிட்டே டீ குடிக்கிறாங்க. என்னைப் பாத்துட்டு, "என்னண்ணே, நீங்க ஏன் வந்தீங்க? வர வேணாம்னு சொல்லத்தான் ஜெபராஜ் அத்தனை தடவை போன் போட்டாரு"ன்னாங்க.

பூட்ட உடைச்சுட்டான் சார்.

ஸ்பேனர வச்சு ஒரே போடு. நான் பாத்துப் பாத்து வாங்கின பூட்டு. உடைச்சு, பேனல்ல எல்லாம் ஆஃப் ஆயிருக்கான்னு பாத்து, கைப்பிடியத் திருப்பியிருக்கான். முறையாத்தான் திருப்பியிருக்கான், அது வேற விசயம். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? நான்தான் வந்துக்கிட்டு இருக்கேன்ல? "அண்ணே, சிஸ்டர் கையால எவ்வளவு நேரம் சுத்துவாங்க"ங்குறான். என்ன பேச்சு இது? வருசக்கணக்கா நான் காத்த பொட்டி.

மேடம் வந்தாங்க. "பரமகுரு, அதான் சரியாயிருச்சே. ஃபங்ஷன விட்டுட்டு வந்திருக்கீங்க, உடனே கெளம்புங்க. என் கார எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கு என்ன தெரியும்? யூபிஎஸ் பைபாஸ்ல நிக்குது. அந்த நேரம் வெளிக் கரண்டு போச்சுன்னா? அதை அப்படியே விட்டுட்டு வர மனசு வரல. ஒரு மிசின பாதியில விட்டுட்டு எப்படி சார் வர்றது? உக்காந்து கழட்டினேன். ஒரு ஃபேன் அடைச்சு, சூடாகி, உள்ள ஒரு சர்க்யூட் கார்டு எரிஞ்சு போயிருக்கு. ஸ்டோர்ல இருந்து வேற கார்டு எடுத்து மாட்டி, பேட்டரி ஒவ்வொண்ணா பாத்து, திரும்ப நார்மல் மோடுக்குக் கொண்டு வந்து, பச்சை லைட்டு எரியுறதப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன். ஜெபராஜ் பின்னாலயே நின்னு, "நான் பாக்குறேண்ணே, நீங்க போங்கண்ணே"ன்னுக்கிட்டே இருந்தான். அவனையும் நல்லா ஏசிவிட்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தா கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருக்காங்க. சேரெல்லாம் அடுக்கியாச்சு. நிச்சயம் நின்னு போச்சுன்னு நெனைக்கிறீங்களா? அதுதான் இல்ல. நான் குடுத்துட்டுப் போன தட்ட செல்லப்பாண்டியே மாத்தியிருக்கான். சம்பந்தி கொஞ்ச நேரம் மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாராம். செல்லப்பாண்டி என்ன சொன்னானோ, சரியாயிருச்சு. எனக்காக ரொம்ப நேரம் பந்தியத் தள்ளிப் போட்டுப் பாத்திருக்காங்க. அப்புறம் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. எல்லாம் நல்லபடியா நடந்திருக்கு. போட்டோவுல பாருங்க, எவனுக்கும் வித்தியாசமே தெரியாது.

தேன்மொழி மட்டும் ஒரு ஓரமா மாலையக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. எனக்கு இலை போட்டுச் சோறு எடுத்து வச்சிருந்துச்சு. "எல்லாரும் நல்லா இருக்காங்களாப்பா?"ன்னு கேட்டுச்சு. "இருக்காங்கம்மா"ன்னேன். "நீங்க போகும்போதே சரியாயிருச்சாமே, ஜெபராஜண்ணன் மாமாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. கெளம்பி வந்துருவீங்கன்னு பாத்தேன்"னுச்சு. "கார்டு போயிருந்துச்சும்மா"ன்னேன். "சரிப்பா, சாப்பிடுங்க"ன்னுச்சு. புரிஞ்சுக்கிற பிள்ள சார். கோவமே படல. கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அதுக்கப்புறம் ஆசுபத்திரியில அந்தப் பொட்டிக்குப் பூட்டே வேணாம்னுட்டாங்க. கைப்பிடிய எப்படித் திருப்பணும்னு ஜெபராஜ் தமிழ்ல எழுதி ஒட்டிட்டான். சிஸ்டர்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டான். இப்ப யாரு வேணும்னாலும் திருப்பலாம். என்னை யாரும் ஒண்ணும் சொல்லல. சம்பளம் குறைக்கல, திட்டல. போனுதான் வர்றதில்ல. முன்னெல்லாம் சாப்பிட உக்காந்தா அடிக்கும். இப்ப நானா எடுத்துப் பாத்துக்கிறேன், சிக்னல் இருக்கான்னு.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்ல சார். போன மாசம் பத்திரிகை அடிக்கக் குடுக்கும்போது இந்திராணி மெதுவா ஆரம்பிக்கிறா. தாரை வார்த்துக் குடுக்குறதுக்கு செல்லப்பாண்டியும் அவன் பொண்டாட்டியும் உக்காரட்டும்னு. "என்னடி பேசுற, நான் செத்தா போயிட்டேன்?"ன்னு கத்தினேன். அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. தேன்மொழிதான் வந்து பக்கத்துல உக்காந்துச்சு. "நான்தாம்ப்பா சொன்னேன். நீங்க வாங்க. முன்னாடி சேர்ல நல்லா உக்காந்து பாருங்க. நடுவுல உங்களுக்குப் போன் வந்தாலும் நீங்க தவிக்க வேணாம், தாராளமா போயிட்டு வரலாம். மாமா இருக்காரு"ன்னுச்சு. அதுவும் எப்படி? என் கையப் புடிச்சுக்கிட்டு.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஒரு நாள் பைபாஸ்ல ஓடுச்சுங்குறதுக்காக அப்படியே ஓட்டிக்கிட்டு இருப்பீங்களா? சர்வீஸ் முடிஞ்சா திரும்ப நார்மலுக்குக் கொண்டு வரணும்ல? அதுதான முறை? இதைச் சொல்லத்தான் நேத்து வேன்லயே போயிருக்கணும். ராத்திரி அங்கயே தங்கி, சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை பேசி, செல்லப்பாண்டிகிட்ட, "மாப்ள, நான் உக்காந்துக்கிறேன்"னு சொல்லி... மனசுல எல்லாம் வச்சிருந்தேன் சார். அந்த மணப்பலகையில என் மக கையப் புடிச்சுக் குடுக்கணும்னுதான் எனக்கு இருக்கு. வேற என்ன ஆசை? ஆனா பேட்டரி நேத்துத்தான் வந்து எறங்குது. நான் என்ன பண்ண?

இருங்க சார், போனு. இந்திராணி நம்பரு.

அம்மா... தேனு... ஆமாம்மா, பஸ்லதான். உசிலம்பட்டி வந்துருச்சு. ஆங்? கேக்கல, மேளச் சத்தமா இருக்கு... சாப்பிட்டேன்மா, டீ குடிச்சேன். பேட்டரியா? மாட்டியாச்சு, எல்லாம் மாட்டியாச்சு. இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா, தாரை... ஆங்?... சரி. சரிம்மா. சரி, சரி. வையி.

தேன்மொழி சார். மேடைக்குக் கூப்பிட்டுட்டாங்களாம், போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேப்போம்னு பண்ணியிருக்கு. நான் சொல்ல வந்ததச் சொல்லவே முடியல, ஒரே மேளம். "மெதுவா வாங்கப்பா, ஒண்ணும் அவசரமில்ல"ன்னுச்சு.

மெதுவா வாங்கன்னு. இத்தனை வருசத்துல எனக்குப் போன் பண்ண ஒருத்தன் இப்படிச் சொன்னதில்ல சார். எவன் பண்ணாலும், எங்க இருக்க, எப்ப வருவ, ஓடி வா, இதுதான். போன இன்னும் கையிலயே புடிச்சுக்கிட்டு இருக்கேன் பாருங்க. எதுக்குன்னு தெரியல. நல்லதுதான சொல்லியிருக்கு பிள்ள?

நீங்க இங்கதான் எறங்கணுமா? எறங்குங்க, எறங்குங்க. பை பத்திரம். என்ன சார்? காரா? அந்தா நிக்கிறது உங்க மச்சான் காரா? தேனி வழியாத்தான் போறாரா... இந்த பஸ்ஸு ஆண்டிப்பட்டியில வேற நிக்கும், கார்ல போனா முகூர்த்தத்துக்கு முன்னாலயே போயிரலாம்னா சொல்றீங்க? வாஸ்தவம்தான். போயிரலாம்தான். பெரிய மனசு சார் உங்களுக்கு.

இல்ல சார், வேணாம். நீங்க போங்க. நான் இப்படியே வர்றேன். பிள்ளதான் அவசரமில்லன்னுருச்சே.